ராமானுஜன் கைப்பட எழுதிய பக்கங்களைப் பதிப்பித்த கதை

சீனிவாச ராமானுஜனின் கையெழுத்தைப் படிக்க எந்தப் பயிற்சியும் தேவையில்லை. எண்களும் ஆங்கில எழுத்துகளும் தெளிவாக இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர்கூட அந்தப் பக்கத்தைப் பார்த்து அப்படியே வேறொரு தாளில் படியெடுத்துவிட முடியும். பதிப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது உ.வே. சாமிநாதையரும் ஏட்டுச் சுவடிகளும்தான். புள்ளி வைக்காத மெய்யெழுத்து, காலா ரகரமா என்று தெரியாத கோடு, எகர ஏகார வேறுபாடு இல்லாமை, செல்லரித்த இடத்தில் தொலைந்துபோன சீர் ஆகியவற்றோடு மல்லுக்கட்டுவதுதான் பதிப்பாசிரியரின் வேலை என்று நாம் பழகியிருக்கிறோம். ராமானுஜன் விஷயத்தில் அந்தத் தொல்லைகள் பெரும்பாலும் கிடையாது. இருந்தும் அவருடைய மூன்று நோட்டுப் புத்தகங்களை விளக்கத்தோடு பதிப்பித்து முடிக்க, அவர் மறைந்த 1920இலிருந்து 78 ஆண்டுகள் ஆயின. கடைசி ஆண்டில் அவர் எழுதிய தாள்களைப் பதிப்பித்து முடிக்க 98 ஆண்டுகள் ஆயின. எழுத்து புரிகிறது, எழுதியது புரியவில்லை என்ற நிலையில் ஒரு பதிப்பாசிரியர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடச் செறிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. கணிதப் பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பின் ஒரு பகுதி என்பதால், இந்தக் கதை எனக்குத் தொழில்முறையிலும் நெருக்கமானது.

முதலில் அந்தப் புத்தகங்களின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் நோட்டுப் புத்தகம் ஒருவகைப் பச்சை மையில் எழுதப்பட்டது. அதில் 16 அத்தியாயங்கள் இருக்கின்றன; அவற்றை அடுத்து ஒழுங்குபடுத்தப்படாத பக்கங்கள் வருகின்றன. ராமானுஜன் முதலில் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். பிறகு இடம் தேவைப்பட்டபோது, புத்தகத்தின் கடைசியிலிருந்து முன்னோக்கி, வெற்றாக விட்ட பின்பக்கங்களை நிரப்பத் தொடங்கியிருக்கிறார். எனவே அந்தப் புத்தகத்தைப் பக்க எண் வரிசையில் புரட்டுகிறவர், இரு வேறு காலங்களில் எதிரெதிர்த் திசைகளில் நடந்த இரண்டு எழுத்து வேலைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இது தெரியாமல் வலப்பக்கத்து வரிக்கு இடப்பக்கத்து வரி விளக்கம் என்று எண்ணிவிட்டால், இல்லாத தொடர்பைக் கற்பித்துக்கொள்ள நேரும். இரண்டாம் நோட்டுப் புத்தகம் முதலாவதைத் திருத்தி விரிவாக்கிய வடிவம்: 21 அத்தியாயங்கள் 256 பக்கங்களில், அவற்றின் பின்னால் ஒழுங்கில்லாத 100 பக்கங்கள். பின்பக்கங்களில் அவர் கிறுக்கி வைத்தவற்றில் பெரும்பகுதி இதில் முறையாக இடம்பிடித்துவிட்டது. மூன்றாவதில் 33 பக்கங்கள்தான் இருக்கின்றன. அவற்றிலும் அத்தியாயப் பிரிவு கிடையாது.

இந்தப் புத்தகங்களில் நிறுவல் என்பது அநேகமாக இல்லை. ஒரு முடிவு, அதன் கீழே கிளை முடிவு, பிறகு ஒன்றிரண்டு எடுத்துக்காட்டுகள், அடுத்த முடிவு என்று போய்க்கொண்டே இருக்கும். சில இடங்களில் 'நியர்லி', 'வெரி நியர்லி' என்று மட்டும் எழுதி விட்டுவிடுவார். எவ்வளவு நெருக்கம், எந்த எல்லைக்குள் நெருக்கம் என்பதெல்லாம் படிப்பவர் பாடு. கும்பகோணத்தில் மாணவராக இருந்தபோது அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் தேற்றத் தொகுப்பு, ஆயிரக்கணக்கான முடிவுகளைச் சுருக்கமாக அடுக்கிச் செல்லும் தேர்வுக் கையேடு. அதன் நடையே இவருக்கும் படிந்தது என்று சொல்வதுண்டு. காகித விலை இன்னொரு காரணம். சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் புத்தகத்தில் ஏற்றினார் என்பது அவரோடு பழகியவர்கள் பலர் சொன்ன செய்தி. இதையெல்லாம் விடவும் எளிய காரணம் ஒன்று உண்டு: அவை அவர் தமக்காக வைத்துக்கொண்ட குறிப்புகள். வேறு ஒருவர் படித்துத் திருப்தி அடைய வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் எழுதப்பட்ட பக்கத்தை அச்சுக்குக் கொண்டுவருவதில்தான் தொல்லை அத்தனையும் தொடங்குகிறது.

ஒரே ஒரு இடத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். முதல் நோட்டுப் புத்தகத்தின் எட்டாம் அத்தியாயத்தில், 1 + 2 + 3 + 4 என்று முடிவில்லாமல் போகும் தொடரின் 'மாறிலி' (வழக்கமான கூட்டுத்தொகை இல்லாத தொடருக்கு அவர் ஒதுக்கும் எண்) −1/12 என்று வரும் புகழ்பெற்ற பத்தி இருக்கிறது. அங்கே அவர், அபூர்வமாக, எப்படிக் கிடைத்தது என்பதையும் சில வரிகளில் காட்டுகிறார். முதல் வரியில் 1 + 2 + 3 + 4 என்று எழுதி, 'இன்ன பிற' என்பதற்கான பழைய ஆங்கிலச் சுருக்கக் குறியைப் போடுகிறார். இரண்டாம் வரி அதன் நான்கு மடங்கு: 4 + 8. ஆனால் இந்த 4, மேல் வரியின் 1க்குக் கீழே இல்லை. இடம் விட்டு 2க்குக் கீழே இருக்கிறது. 8 அதேபோல் மேலே உள்ள 4க்குக் கீழே. முதல் வரியிலிருந்து இரண்டாம் வரியைக் கழித்தால் 1 − 2 + 3 − 4 என்ற மாறுகுறித் தொடர் கிடைக்கிறது. அதன் மதிப்பு 1/4 என்று கொண்டு, −3 ஆல் வகுத்து −1/12க்கு வந்துவிடுகிறார். அந்த இரண்டாம் வரியில் விட்ட வெற்றிடம்தான் இங்கே வாதமே. அச்சுக்கோப்பவர் ஒருவர் அழகுக்காக அந்த வரியை இடப்பக்கம் தள்ளி, 4ஐ 1க்குக் கீழும் 8ஐ 2க்குக் கீழும் நேராக்கிவிட்டால், ஓர் எழுத்தும் மாறாமலே அந்தப் பத்தி அர்த்தம் இழந்துவிடும். மெய்ப்புப் பார்க்கிறவர் மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் பிழை கண்ணில் படாது. இன்று இணையத்தில் இந்த முடிவைக் கொண்டாடியும் பழித்தும் எழுதுகிற பலர், அவர் 'மாறிலி' என்று எச்சரிக்கையாகப் பெயரிட்டிருப்பதையும் இந்த இடைவெளியையும் பார்க்காமலே எழுதுகிறார்கள் என்பது என் எண்ணம்.

வேறு வகையான இடம் ஒன்று. √(1+2√(1+3√(1+4√…))) என்று வேருக்குள் வேராக முடிவின்றிப் போகும் கோவையின் மதிப்பு 3 என்பது அவர் 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்கு விட்ட புதிர். விடை வராததால் அவரே விடை சொன்னார். அதன் பொது வடிவம் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. இந்தக் கோவை ஓர் எண்ணை நோக்கித்தான் போகிறது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அவர் கேட்கவில்லை. 1927இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட அவருடைய ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பின் பின்குறிப்பில், இத்தகைய கோவைகள் எப்போது ஒருங்கும் என்பதற்கான நிபந்தனையை டி. விஜயராகவன் கொடுத்திருக்கிறார். ஆசிரியர் எழுதிய வரி அப்படியே நிற்கிறது. விட்டுப்போன நிபந்தனை, வேறொருவர் பெயரில், வேறோர் இடத்தில் நிற்கிறது. பதிப்பு ஒழுக்கம் என்றால் இதுதான்.

அந்த 1927 தொகுப்பில் நோட்டுப் புத்தகங்களையும் சேர்க்கத்தான், ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டி விரும்பினார். பணம் போதவில்லை. அதற்கு முன்பே, 1923இல், ஒரே ஓர் அத்தியாயத்தை எடுத்து அவர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ஓர் அத்தியாயத்துக்கே எவ்வளவு உழைப்பு தேவைப்படுகிறது என்பது அதிலேயே தெரிந்திருக்கும். அவரிடம் இருந்த முதல் நோட்டுப் புத்தகம் 1925இல் சென்னைக்குத் திரும்பியது. அதைக் கொண்டுவந்தவர், விடுப்பில் கேம்பிரிட்ஜ் சென்றிருந்த சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகவியலில் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அதே ரங்கநாதன்தான். அதன் பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி.ஏ. சடகோபன் என்பவர் மூன்று புத்தகங்களையும் கையால் மூன்று படிகள் எடுத்தார். ஒரு படி ஹார்டிக்குப் போனது. நிழற்படம் எடுப்பது செலவு பிடித்த காலத்தில், ஆயிரக்கணக்கான சமன்பாடுகளை மும்முறை கையால் எழுதிய அந்த மனிதரைப் பற்றி இதற்கு மேல் எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. பதிப்பு வரலாற்றில் படியெடுத்தவர்களுக்கு எப்போதும் இந்த நிலைதான்.

1929இல் கணித அறிஞர்கள் ஜி.என். வாட்சனும் பி.எம். வில்சனும் பதிப்பு வேலையை ஏற்றார்கள். இரண்டாம் நோட்டுப் புத்தகத்தின் முற்பகுதி வில்சனுக்கு, பிற்பகுதி வாட்சனுக்கு. ஐந்தாண்டுகளில் முடித்துவிடலாம் என்று மதிப்பிட்டார்கள். வில்சன் 1935இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். வாட்சன் ராமானுஜனின் முடிவுகளிலிருந்து கிளைத்த கட்டுரைகளை ஏறத்தாழ முப்பது எழுதினார்; ஆனால் 1930களின் இறுதியில் அவருடைய ஆர்வம் வற்றிவிட்டது. பதிப்பு வெளிவரவே இல்லை. அவர்கள் இருவரின் கையெழுத்துக் குறிப்புகள் மட்டும் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. இவ்வாறு ராமானுஜன் எழுதிய கையெழுத்துப் படிக்கு, பதிப்பாசிரியர்கள் எழுதிய இன்னொரு கையெழுத்துப் படி உண்டாகி, அதுவும் அச்சேறாமல் உறங்கத் தொடங்கியது.

1957இல் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், நோட்டுப் புத்தகங்களை எந்தத் திருத்தமும் விளக்கமும் இல்லாமல் இரண்டு தொகுதிகளாக நிழற்படப் பதிப்பாக வெளியிட்டது. பதிப்பாசிரியர் கைவைக்காத பதிப்பு என்ன பதிப்பு என்று அப்போது சிலர் குறைபட்டிருக்கலாம். அந்த நிலையில் செய்திருக்கக்கூடிய மிகச் சரியான காரியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். முப்பதாண்டுகளாகச் சரிபார்த்து முடிக்க ஆள் கிடைக்காத ஒன்றை, அரைகுறையாகத் திருத்தி அச்செழுத்தில் கோத்திருந்தால், எது ராமானுஜன் எழுதியது, எது திருத்தியவர் எண்ணியது என்பது கலந்துபோயிருக்கும். முன்னே சொன்ன 4ஐப் போன்ற இடைவெளிகள் தொலைந்திருக்கும். நிழற்படம் மூலத்தைக் கெடுக்காமல் பரப்பியது. அடுத்து வந்தவர்கள் அனைவரும் தொடங்கியது அங்கிருந்துதான்.

அப்படித் தொடங்கியவர்களில் அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ன்ட் முதன்மையானவர். 1974இல் பிரின்ஸ்டனில் இருந்தபோது, ராமானுஜனின் சில சூத்திரங்களை நிறுவிய எமில் கிராஸ்வால்டின் கட்டுரைகளை அவர் படித்தார். தாம் அப்போது கண்டிருந்த ஒரு தேற்றத்தைக் கொண்டே அவற்றை நிறுவிவிட முடியும் என்று அவருக்குத் தோன்றியது. நூலகத்துக்குப் போய் நிழற்படப் பதிப்பைப் புரட்டினார். தேடிய சூத்திரங்கள் பதினான்காம் அத்தியாயத்தில் இருந்தன. அதே அத்தியாயத்தில் அவரால் நிறுவ முடியாதவையும் இருந்தன. 1977இல் அந்த ஓர் அத்தியாயத்தை முழுமையாக நிறுவ உட்கார்ந்தவருக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. பிறகு டிரினிட்டியிலிருந்து வாட்சன், வில்சன் குறிப்புகளின் நகலைப் பெற்று, அத்தியாயம் அத்தியாயமாக எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளிவந்தன. அவர் கணக்கில் மூன்று நோட்டுப் புத்தகங்களிலும் மூவாயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட முடிவுகள் இருக்கின்றன.

அவருடைய முறையைக் கவனிப்பது, எந்தத் துறையில் பழைய கையெழுத்துகளைப் பதிப்பிக்கிறவருக்கும் பயன்படும். ஒவ்வொரு முடிவையும் இன்றைய குறியீட்டில் எழுதுகிறார், அது ஏற்கெனவே வேறு யாராலாவது கண்டறியப்பட்டிருந்தால் யார், எங்கே என்று சொல்கிறார், இல்லையென்றால் நிறுவுகிறார். பிழை இருந்தால் திருத்திய வடிவத்தைக் கொடுத்து, மூலத்தில் எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறார். சிலேட்டிலிருந்து ஏற்றும்போது நேர்ந்த கைத்தவறு என்று தெரிவது வேறு, உண்மையிலேயே தவறான முடிவு வேறு என்பதைப் பிரித்துக் காட்டுகிறார். இரண்டாம் வகை மிகச் சொற்பம். அத்தியாயங்களாக இருந்த பகுதியில் ராமானுஜனின் வரிசையை மாற்றவில்லை. ஒழுங்கில்லாத பக்கங்களுக்கு வரும்போது மட்டும், கடைசி இரண்டு தொகுதிகளில், பொருள்வாரியாகத் திரட்டிக்கொண்டார். ஆசிரியரே வரிசைப்படுத்திய இடத்தில் அது அவருடைய கருத்தின் ஒரு பகுதி. வரிசைப்படுத்தாத இடத்தில் பக்க எண்ணுக்கு விசுவாசம் காட்டுவதால் எவருக்கும் பயனில்லை. முன்னோர் யார் என்று தேடிச் சொன்னதால் மற்றொரு பலனும் விளைந்தது. நோட்டுப் புத்தகங்களில் மூன்றில் இரண்டு பங்கு பிறர் முன்பே கண்டவை என்று ஹார்டி ஒரு காலத்தில் மதிப்பிட்டிருந்தார். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபின் பெர்ன்ட், அது மிகவும் கூடுதல், மூன்றில் ஒரு பங்குக்கு அருகில்தான் இருக்கும் என்றார். மேதையின் பெருமையைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதைவிட, அடிக்குறிப்புகளைக் கூட்டிப் பார்த்து வரும் இந்த மதிப்பீடே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி, ராமானுஜன் கடைசி ஆண்டில் எழுதிய அந்தத் தாள்கள். ராமானுஜன் 1919 மார்ச்சில் இந்தியா திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். இடைப்பட்ட காலத்தில், நோய்ப் படுக்கையிலும் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தார் என்று அவர் மனைவி ஜானகி அம்மாள் பிற்காலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறார். 1923 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரி, ராமானுஜனின் எழுத்துகள் அடங்கிய கட்டு ஒன்றை ஹார்டிக்கு அனுப்பினார். அதில் இந்தத் தாள்களும் இருந்திருக்க வேண்டும். ஹார்டியிடமிருந்து அவை வாட்சனிடம் போயின. வாட்சன் 1965இல் இறந்தபோது, ராயல் சொசைட்டிக்காக அவரைப் பற்றி நினைவுக் கட்டுரை எழுத வேண்டியிருந்த ஜே.எம். விட்டேக்கர் அவர் வீட்டுக்குப் போனார். மாடி அறையில் ஓர் அடி உயரத்துக்குத் தாள்கள் பரவிக் கிடந்தன. சில நாள்களில் எரித்துவிடுவதாக ஏற்பாடு. வாட்சன் எதையும் தூக்கி எறியாதவர் என்பதால், கைவிட்டு எடுத்தால் கணிதத் தாளும் வரலாம், கட்டிய பில்லும் வரலாம், பழைய வருமான வரிக் கணக்கின் வரைவும் வரலாம். விட்டேக்கர் துழாவியதில் ராமானுஜன் தாள்கள் கைக்கு வந்தன. அவர் அவற்றைக் கணித அறிஞர் ராங்கினிடம் கொடுக்க, ராங்கின் 1968 டிசம்பரில் டிரினிட்டிக்கு அனுப்பிவைத்தார். அங்கே அவை வாட்சன் தாள்கள் என்ற பெயரில் அமைதியாக ஒரு பெட்டியில் இருந்தன.

1976 வசந்த காலத்தில் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ், லூசி ஸ்லேட்டர் என்ற கணித அறிஞர் சொன்ன துப்பை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைத் திறந்தார். 138 பக்கங்கள், விளக்கச் சொற்கள் அநேகமாக இல்லை, அறுநூறுக்கு மேற்பட்ட சூத்திரங்கள். கையெழுத்து ராமானுஜனுடையது என்பது பார்த்ததும் தெரியும். அது எந்தக் காலத்தது என்பது கையெழுத்தில் தெரியாது. ஆண்ட்ரூஸுக்கு அது தெரிந்ததற்குக் காரணம், அவருடைய முனைவர் பட்ட ஆய்வே மாக் தீட்டா சார்புகள் எனப்படும் ஒருவகை முடிவிலாத் தொடர்களைப் பற்றியது. அந்தச் சார்புகளை ராமானுஜன் உலகுக்கு முதலில் அறிவித்தது 1920 ஜனவரி 12 அன்று ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில். எனவே அவை நிரம்பிய தாள்கள் அவருடைய கடைசிக் காலத்தைச் சேர்ந்தவையாகத்தான் இருக்க முடியும். மையையோ காகிதத்தையோ சோதிக்காமல், சூத்திரத்தை வைத்தே ஒரு கையெழுத்துப் படிக்குக் காலம் கணித்தார்கள். வேறொரு கணித அறிஞர் அந்தப் பெட்டியைத் திறந்திருந்தால் பார்த்துவிட்டு மூடியிருக்கவும் கூடும். உண்மையில் அவை தொலையவும் இல்லை, நோட்டுப் புத்தகமும் இல்லை, உதிரித் தாள்கள். 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. நூற்றாண்டு விழாவை ஒட்டி 1987 டிசம்பரில் இதன் நிழற்படப் பதிப்பு சென்னையில் வெளியிடப்பட்டது. பிரதமர் ராஜீவ் காந்தி ஒரு படியை ஜானகி அம்மாளிடம் கொடுத்தார்.

அந்த நிழற்படப் பதிப்பில் வேறு பல முடிவுறாத கையெழுத்துப் படிகளையும் கடிதங்களையும் சேர்த்தே கட்டிவிட்டார்கள். அவற்றுள் சில பக்கங்கள் ராமானுஜன் கையெழுத்தில் இல்லை. வாட்சன் பார்த்து எழுதிய படிகள். தொகுப்பின் மேலட்டையில் ராமானுஜன் பெயரைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவர், எழுத்தின் சாயல் மாறும் இடத்தைக் கவனிக்காமல் தாண்டிவிடக்கூடாது. வாட்சன் படியெடுத்தபோது எதையேனும் விட்டாரா, திருத்தினாரா என்று சோதிக்க நம்மிடம் மூலம் இல்லாத பக்கங்களில், ராமானுஜன் சொன்னார் என்பதற்குப் பதில் வாட்சன் படியில் இவ்வாறு இருக்கிறது என்று சொல்வதே நேர்மை.

அந்தத் தொகுப்பின் 335ஆம் பக்கம் எனக்கு எப்போதும் வியப்பு தருவது. அதில் இரண்டே இரண்டு சமன்பாடுகள். ஒன்று, வட்டத்துக்குள் எத்தனை முழு எண் புள்ளிகள் அடங்கும் என்ற பழைய சிக்கலோடும், மற்றொன்று, எண்களின் வகுத்திகளை எண்ணும் சிக்கலோடும் தொடர்புடையவை. இரண்டிலும் வலப்புறத்தில் தொடர்க்கூட்டலைக் குறிக்கும் Σ குறி இரட்டையாக வருகிறது. முடிவிலாத் தொடர்களில், எதை முதலில் கூட்டுவது என்பதைப் பொறுத்து விடை மாறலாம், விடையே இல்லாமலும் போகலாம். எழுதியிருக்கும் வரிசையிலேயே கூட்டச் சொல்கிறாரா, வரிசையை மாற்றியா, அல்லது இரு எண்களின் பெருக்கல் பலன் வளரும் வரிசையில் சேர்த்தா? பக்கத்தில் ஒரு சொல் விளக்கம் இல்லை. பெர்ன்ட், சுன் கிம், ஜகரெஸ்கு முதலியோர் இந்த விதமான வாசிப்புகளைத் தனித்தனியே எடுத்துக்கொண்டு, பல ஆண்டுகளில் பல கட்டுரைகளில் நிறுவினார்கள். ஏட்டுச் சுவடியில் ஒரு சொல்லுக்கு மூன்று பாடபேதம் வந்தால் பதிப்பாசிரியர் ஒன்றை மேலே வைத்து மற்றவற்றை அடிக்குறிப்பில் போடுவார். இங்கே எழுத்தில் பேதமே இல்லை; ஒரே எழுத்துக்குப் பல வாசிப்புகள், ஒவ்வொன்றும் தனித்தனித் தேற்றம்.

அதே தொகுப்பின் 341ஆம் பக்கத்தில், டாக்சி எண் கதையால் எல்லோருக்கும் தெரிந்த 1729 வேறு உருவில் தலைகாட்டுகிறது. 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் 12இன் கனத்தைவிட ஒன்று அதிகம்; அந்தக் கூட்டுத்தொகைதான் 1729. 135, 138 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் 172இன் கனத்தைவிட ஒன்று குறைவு. 791, 812 என்றால் 1010இன் கனத்தைவிட ஒன்று குறைவு. இந்த வரிசை முடிவில்லாமல் நீளும் வழியையும் அங்கேயே கொடுத்திருக்கிறார். மருத்துவமனைக்கு வந்த ஹார்டியின் டாக்சி எண்ணைக் கேட்டதும் தற்செயலாகப் பளிச்சிட்டது என்று மேடைகளில் சொல்லப்படும் கதைக்கு இந்தப் பக்கம் வேறு விளக்கம் தருகிறது. இரு கனங்களின் கூட்டல் மூன்றாவது கனத்துக்குச் சமமாகாது என்பது தெரிந்ததே. ஒன்று மட்டும் குறையும் அல்லது கூடும் இடங்களை அவர் முறைவைத்துத் தேடியிருக்கிறார். 1729 அந்தத் தேடலில் அவருக்கு ஏற்கெனவே பழகிய எண்.

2005 முதல் 2018 வரை ஆண்ட்ரூஸும் பெர்ன்ட்டும் இந்தத் தாள்களை ஐந்து தொகுதிகளாக விளக்கத்தோடு பதிப்பித்தார்கள். இங்கே பக்க வரிசையை முழுமையாகக் கைவிட்டு, பொருள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு முடிவின் அருகிலும் நிழற்படப் பதிப்பின் பக்க எண்ணைக் குறித்தார்கள். எந்தப் பக்கத்தில் இருப்பது எங்கே பேசப்படுகிறது என்பதற்குத் தொகுதிதோறும் வழிகாட்டிப் பட்டியலும் உண்டு. ஆண்டுக்கணக்கில் பிழைதிருத்தி வருகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பட்டியலின் அருமை தெரியும். மூலத்துக்குத் திரும்பிப் போகும் வழியை அடைக்காத பதிப்பே நம்பத்தக்க பதிப்பு.

கடைசியாக, பதிப்பாசிரியர்கள் வழக்கமாகத் தாண்டிவிடும் பக்கங்களைப் பற்றி. மாக் தீட்டா சார்புகளைப் பற்றி வாட்சன் லண்டன் கணிதக் கழகத் தலைவராக ஆற்றிய உரைக்கு, 'கடைசிச் சிக்கல்' என்ற ஷெர்லாக் ஹோம்ஸ் கதையின் தலைப்பையே வைத்தார்; ஹோம்ஸின் கதையைச் சொல்லும் மருத்துவர் பெயரும் வாட்சன் என்பதில் அவருக்கு ஒரு குறும்பு. ராமானுஜன் கடைசியாக ஈடுபட்டது அந்தச் சார்புகளில்தான் என்றே எல்லோரும் நம்பி வந்தார்கள். ஆனால் தொலைந்த தாள்களில் பல பக்கங்கள் வெறும் வழிக்கணக்குகள்: பட்டியல்கள், கெழுக்கள், அவற்றைக் காரணிகளாகப் பிரித்த வரிகள், அடித்தல்கள். முடிவுகளை மட்டும் தேடுகிறவருக்கு அவற்றில் ஒன்றும் கிடைக்காது. பெர்ன்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அவற்றைக் கூட்டல் கூட்டலாகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அவை எண்களின் பிரிவினைகளைப் பற்றியவை என்று தெரிந்தது. 4ஐ நேர் முழு எண்களின் கூட்டலாக ஐந்து விதமாகவும், 9ஐ முப்பது விதமாகவும் எழுதலாம். 5ஆல் வகுத்தால் 4 மீதி வரும் எந்த எண்ணுக்கும் இந்த எண்ணிக்கை 5ஆல் வகுபடும் என்பது ராமானுஜன் முன்பே கண்டது. 7, 11 ஆகியவற்றுக்கும் இப்படிப்பட்ட விதிகளை அவர் கண்டிருந்தார். அவற்றில் 11ஆல் வகுபடுதலுக்கு உள்ளே இருக்கும் காரணம் ஒன்று இருக்க வேண்டும் என்று 1944இல் ஃப்ரீமன் டைசன் ஊகித்து, காணாத அதற்குக் 'கிராங்க்' என்று பெயரும் வைத்தார். 1988இல் ஆண்ட்ரூஸும் கார்வனும் அதைக் கண்டறிந்தார்கள். அதைப் பிறப்பிக்கும் சார்பு, பெயரில்லாமல், 1920ஆம் ஆண்டுத் தாள்களில் ஏற்கெனவே இருந்தது. அந்த வழிக்கணக்குகள் அத்தனையும் அதன் கெழுக்கள். அவர் கடைசியாகப் போட்டுக்கொண்டிருந்த கணக்கு இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அந்த ஆய்வுக் கட்டுரைக்கு வாட்சனுடைய தலைப்பையே எடுத்து, உண்மையான கடைசிச் சிக்கல் இதுதான் என்று பொருள்படும்படி பெயர் வைத்தார்கள்.

நாமகிரித் தாயார் கனவில் சொன்னதை எழுதிவைத்தார் என்று மட்டுமே ராமானுஜனைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள், சூத்திரங்கள் உள்ள பக்கங்களை விட்டுவிட்டு இந்த வழிக்கணக்குப் பக்கங்களை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. மூன்று நோட்டுப் புத்தகங்களைப் பொறுத்தவரை, 125ஆம் பிறந்தநாளை ஒட்டி டாடா நிறுவனம் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் துணையோடு புதிதாகப் படமெடுத்துக் கொண்டுவந்த பதிப்பு, 1957ஆம் ஆண்டுப் பதிப்பைவிட எவ்வளவோ தெளிவானது. அதைத் திறக்கிறவர்கள் இரண்டாம் நோட்டுப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம். அது மாயச் சதுரங்களைப் பற்றியது. கூட்டல் தெரிந்தால் போதும்.